நான் கூட்டிச் சொன்ன பதிமூன்றரை மணி நேரம்

என் அக்காள் வந்து சேரும் நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன்.

பதினோரு ஆண்டுகளாக என் குடும்பம் அதைக் கணக்குத் தவறு என்று நம்பி வருகிறது. சொல்லிச் சொல்லிச் சிரித்தும் வருகிறது. தவறு எதுவும் நேரவில்லை. என் வாழ்நாளில் அன்று போட்டதைப் போல அவ்வளவு சரியாக நான் வேறெந்தக் கணக்கையும் போட்டதில்லை!

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் யாரென்று தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்வதற்கு வேண்டிய துணிவு எனக்கு வாய்க்கவில்லை... இனி வாய்க்கும் என்றும் தோன்றவில்லை.

நான் தமிழாசிரியை. ஒற்று மிகுந்தால் பொறுக்கமாட்டேன். மிகாமல் விட்டாலும் பொறுக்கமாட்டேன். பிறர் எழுத்தில் பிழை தேடியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவள். என் பிழையை மட்டும் பிறர் கண்ணில் படாதபடி காத்து வந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய திறமை!

என் அக்காள் பூங்கொடி, மணமான ஆண்டிலேயே அமெரிக்காவுக்குப் போனாள். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் வீடு. அங்கிருந்து பெங்களூருக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழப் பதினாலாயிரம் கிலோமீட்டர். இந்த எண்ணை எங்கள் அம்மா மனப்பாடமாக வைத்திருந்தார். வீட்டுக்கு வரும் ஒவ்வோர் உறவினரிடமும் சொல்வார்.

"என்ற மூத்த புள்ள பதினாலாயிரம் கிலோமீட்டர்ல இருக்குதுங்க. ஏரோப்ளேன்லயே ஒரு பகலு ஒரு ராத்திரி உக்காந்து வரோணும். அப்பேர்ப்பட்ட தூரத்துல இருந்துட்டு வாரா வாரம் போன் போடுது பாருங்க!"

நான் இராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டேன். அங்கிருந்து அம்மா வீட்டுக்குப் பதினான்கு கிலோமீட்டர். சனிக்கிழமைதோறும் நகரப் பேருந்தில் நின்றுகொண்டே போவேன். அந்தத் தொலைவை அம்மா எவரிடமும் சொன்னதில்லை. நான் படியேறும்போது அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்.

"வந்துட்டியா? கொடியில கெடக்கற துணிய எடுத்து மடிச்சு வெச்சுரு."

அன்பு தொலைவைப் பொறுத்து வளருமா? பதினாலாயிரத்தில் இருப்பவளுக்கு ஆயிரம் மடங்கு என்றால், பதினான்கில் இருப்பவளுக்கு ஒரு மடங்குதானா? சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த வகுத்தலைப் பேருந்தின் கம்பியைப் பிடித்தபடி எத்தனை சனிக்கிழமைகள் போட்டிருப்பேன் தெரியுமா!

அக்காள் எனக்கு எந்தத் தீங்கும் செய்தவள் அல்லள். இதை நான் மறைக்கக் கூடாது. ஊருக்கு வரும்போதெல்லாம் முதற்புடவை எனக்குத்தான் எடுப்பாள். என் மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கு அங்கிருந்தபடியே பத்துப் பேரிடம் பேசினாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் என் நெஞ்சு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்! வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். காரணமே இல்லாத பொறாமைக்கு எங்கே போய் ஒதுங்குவது?

எங்களுக்கு ஒரே தம்பி, சிவக்குமார். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரோடு பங்கு சேர்ந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தான். ஆண்டில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் கிடப்பான். அப்படிப்பட்டவனுக்குப் பெண் கிடைப்பது எங்கள் பக்கத்தில் எளிதன்று. நான்கு ஆண்டுகள் அலைந்தேன். தரகர் வீடுகளின் வாசலில் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பரமத்தி வேலூர், சங்ககிரி, கெங்கவல்லி என்று சாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகாத ஊரில்லை. கடைசியில் பெண்ணைக் கண்டுபிடித்தவள் நான். அவளுடைய அப்பாவிடம் பேசிப் பேசி மனம் கரைத்தவள் நான். அழைப்பிதழில் பிழை திருத்தியவளும் நான்தான்.

நிச்சயம் முடிந்த அன்று மாலை அம்மா சொன்னார்.

"இணைச்சீருக்குப் பூங்கொடி வந்துரோணும். இப்பவே டிக்கெட் போடச் சொல்லு."

எங்கள் கொங்கு நாட்டுத் திருமணத்தில் இணைச்சீர் என்றொரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலையில் மணமகனோடு அவன் உடன்பிறந்தாளை நிறுத்தி இந்தச் சீரைச் செய்வார்கள். அவள் புதுப்புடவை உடுத்தி, மங்கலப் பொருள்கள் வைத்த மூங்கில் பேழையை இடுப்பில் ஏந்தி நிற்பாள். ஒரு புதுத்துணியின் ஒரு முனை அண்ணன் தம்பி கையில், மறுமுனை அவளிடம். 'எவள் வந்தாலும் உனக்கு என்னிடம் உள்ள இடம் போகாது' என்று பலரறிய ஒருவன் தன் உடன்பிறந்தாளுக்குக் கொடுக்கும் வாக்கு அது. அதன் பிறகு அவள் வெறும் அக்காள் தங்கை அல்லள், இணைச்சீர்க்காரி. அந்த வீட்டின் நல்லது பொல்லாதது எல்லாவற்றுக்கும் அவளைத்தான் முதலில் அழைப்பார்கள்.

ஒருவன் வாழ்வில் அது ஒரு முறைதான். நிற்பவளும் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் மூத்தவள் இருக்க இளையவள் நிற்கும் வழக்கமில்லை. சீர்க்காரி சுமங்கலியாகவும் இருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் நடந்த கால்கள் என்னுடையவை. நிற்கப்போகும் கால்கள் அவளுடையவை... இந்த ஒரு வாக்கியம் தை மாதத் திருமணம் வரையில் எனக்குள் கிடந்தது.

அக்காள் தனியாகக் கிளம்பினாள். அவள் கணவரான மாமாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்றாள். ஐந்தே நாள்களில் திரும்ப வேண்டும் என்றும் சொன்னாள். ஐந்து நாளுக்கு இவ்வளவு பெரிய பயணமா, இந்தப் பெருமையையும் தட்டிப் பறித்துக்கொண்டு போகவா என்று எண்ணினேன். அப்படித்தான் எண்ணினேன்; பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை.

ஞாயிறு விடியலில் முகூர்த்தம். சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஏழரைக்குள் இணைச்சீர். அக்காள் சனிக்கிழமை அதிகாலையிலேயே பெங்களூரில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பிராங்பர்ட்டில் பனி கொட்டி, விமானம் தாமதித்து, அடுத்த விமானத்தைத் தவறவிட்டாள். வெள்ளிக்கிழமையே அந்தச் செய்தி வந்தது. அழைத்துவரப் போகவிருந்த வண்டியை நிறுத்திவிட்டோம். அம்மா சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. எனக்கு மட்டும்.

'வேறு வழியாக விமானம் கிடைத்துவிட்டது. 1.15க்குப் பெங்களூர். டாக்சி பிடித்து நேராக மண்டபத்துக்கு வருகிறேன். ஏழு மணிக்குள் வந்துவிடுவேன். அதுவரை நிறுத்திவைக்கச் சொல் சாமி.'

செல்லமாக அழைக்கும்போது என்னைச் 'சாமி' என்பாள். நான் கணக்குப் போட்டேன். ஒன்றேகாலுக்கு இறங்கினால் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து இரண்டேகால். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம்... நாலரை மணி நேரம், மிஞ்சினால் ஐந்து. அவள் வந்துவிடுவாள்! எல்லாம் சரியாக இருந்தது.

என் நெஞ்சில் ஏதோ ஒன்று அப்போது அறுந்தது. முதல்நாள் அவள் விமானத்தைத் தவறவிட்டாள் என்று கேட்டதிலிருந்து நான் உள்ளுக்குள் புதுப்புடவையை உடுத்தியே இருந்திருக்கிறேன் என்பதை அந்தக் கணத்தில்தான் கண்டுகொண்டேன். உடுத்தியதை எப்படி அவிழ்ப்பேன்?

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அம்மா, அருமைக்காரர், எங்கள் சித்தப்பா மூவரும் அமர்ந்திருந்தார்கள். எங்கள் திருமணங்களில் சீர்களை முன்னின்று நடத்தும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் சொல்லே அங்கு இறுதிச் சொல்.

"ஏ செல்வி, பூங்கொடிகிட்ட இருந்து ஏதாச்சும் சேதி வந்துச்சா?" என்றார் அம்மா.

"வந்துச்சுங்மா."

"அம்மிணி, கணக்கா ஒரு நேரஞ் சொல்லுங்க" என்றார் அருமைக்காரர். "ஏழேகால் வரைக்கும் வேணும்னாலும் நிறுத்தலாங்க. அதுக்கு மேல ஆகாது."

ஏழேகால் வரை நிறுத்தலாம்! கேட்டீர்களா? கதவை அவரே அகலத் திறந்து வைத்தார். நான் அதை என் கையால் சாத்தினேன்.

"ஒன்னேகாலுக்குப் பெங்களூருன்னு போட்டிருக்காளுங்க. ஆனா அது அந்த ஊரு மணி. நம்ம மணிக்குப் பதிமூணரை மணி நேரம் கூட்டோணும். அப்படீன்னா ராத்திரி ரெண்டேமுக்காலுக்குத்தான் எறங்குவா. இங்க வந்து சேர விடிஞ்சு எட்டு மணி ஆயிருமுங்க."

என் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் இலக்கணம் சொல்லும் அதே குரல்.

சித்தப்பா லாரி வைத்திருப்பவர். தலையில் அடித்துக்கொண்டார். "என்னத்த ஏரோப்ளேனு! நம்ம லாரி ஒரு டிரிப்பு அடிச்சுட்டு வந்து டயரு கழுவி நிக்குது. இது இன்னும் பறந்துட்டே கெடக்குது. ஒரு போனப் போட்டுக் கேளேன் புள்ள!"

"பறக்கறப்ப எப்படிங்க சித்தப்பா கேக்கறது?"

"அதுஞ் சரிதான்."

பயணச்சீட்டில் போட்டிருப்பது எப்போதும் இறங்கும் ஊரின் நேரம். ஒரு முறை விமானம் ஏறியவர்க்கும் தெரியும். கணினி படித்த பிள்ளைகள் அந்த மண்டபத்தில் பத்துப் பேராவது இருந்தார்கள். ஆனால் டீச்சர் சொன்ன கணக்கை எவன் சரிபார்ப்பான்? பிறர் பிழையைத் திருத்துகிறவள் என்ற என் பெயரே எனக்குக் கேடயமாயிற்று.

தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. நலங்கு மஞ்சள் காயாத முகம். "பெரியக்கா இல்லாமயா?" என்றான். பிறகு, "செரி, சின்னக்காளே நிக்கட்டும்" என்றான்.

நிற்கட்டும்... அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு சொல். அதில் மகிழ்ச்சியின் சாயலையாவது அவன் காட்டியிருக்கக் கூடாதா? காட்டியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? இப்படிக் கேட்டுக்கொள்வதும் பழியை அவன்மேல் சாய்க்கும் தந்திரந்தான். விடுங்கள்.

இரண்டரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. தெரியாத எண். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அமெரிக்கக் கைப்பேசி இங்கு வேலை செய்யாது. டாக்சி ஓட்டுநரிடம் வாங்கிப் பேசுகிறாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என்னுடையது. நான் எடுக்கவில்லை. நாலு மணிக்கு மறுபடியும். ஒலியை அடைத்து, பட்டுப்புடவைகள் வைத்திருந்த பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஐந்தரைக்கு நான் புதுப்புடவை உடுத்தும்போது பெட்டிக்குள் அது மின்னி மின்னி அணைந்தது. பட்டின் ஊடாக அந்த வெளிச்சம் தெரிந்தது... பார்த்துக்கொண்டே கொசுவம் மடித்தேன்.

ஆறு பத்துக்குச் சீர் தொடங்கியது. பேழையை இடுப்பில் வைத்தார்கள். துணியின் முனையைக் கையில் கொடுத்தார்கள். நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது! மறைக்கமாட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினான்கு கிலோமீட்டரில் இருக்கும் என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுவே முதல்முறை. அந்தப் பார்வைக்காக இன்னொரு பொய்யும் சொல்லியிருப்பேன்.

ஆறு நாற்பதுக்குச் சீர் முடிந்தது.

ஆறு ஐம்பத்தைந்துக்கு என் அக்காள் மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். கிருஷ்ணகிரிக்கு அருகில் ஏதோ உணவகத்தின் கழிவறையில் மாற்றியிருக்கிறாள். வழியில் வாங்கிய மல்லிகைச் சரம் தலையில். இரண்டு இரவுகள் இருக்கையில் சாய்ந்து கிடந்த பின்னல் ஒருபக்கமாய் அமுங்கியிருந்தது. வந்தவுடன் நேரே சீருக்கு நின்றுவிடலாம் என்று ஆயத்தமாகி வந்தவள்... இன்னும் நான் இடுப்பிலிருந்து இறக்காத பேழையைப் பார்த்தாள்.

நாகசுரக்காரர் நிறுத்திவிட்டார். "நாளைக்குக் காலையிலதான் வருவாள்னு செல்வி சொன்னாளே!" என்று அம்மா கூவினார்.

அருமைக்காரர் எழுந்து நின்றார். "சீரு முடிஞ்சுதுங்க அம்மிணி. ரெண்டாந்தடவை செய்யறதில்லீங்க" என்றார்.

நல்ல நேரம் முடிய இன்னும் முப்பத்தைந்து நிமிடம் மிச்சமிருந்தது.

எல்லாக் கண்களும் என்மேல். "அந்த ஊரு மணின்னு நெனச்சு... பதிமூணரையக் கூட்டிட்டேன்க்கா" என்றேன். அழுதேன். அந்த அழுகை உண்மை. எதற்காக அழுதேன் என்பதை மட்டும் இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அக்காள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு சிரித்தாள்!

"அட கிறுக்கி! டிக்கெட்டுல போட்டிருக்கறது எறங்குற ஊரு நேரம்டி. இலக்கணம் படிச்சவளுக்கு இது தெரியலியா?" அருகில் வந்து என் கூந்தலில் சரிந்திருந்த பூவைத் திருத்தினாள். "போச்சாது போ. உனக்குத்தான் இது எழுதியிருக்குது. அழுவாத, மை கலையுது பாரு."

அவள் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா, "இனிமே எங்கூட்டு டீச்சருக்குப் பதிமூணரை டீச்சருன்னு பேருங்க!" என்று முழங்கினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் விசேட வீடுகளில் யாராவது மணி கேட்டால், "பதிமூணரையக் கூட்டாமச் சொல்லுங்க டீச்சர்" என்பார்கள். நானும் சிரிப்பேன். முட்டாள் என்று பெயர் எடுப்பது எவ்வளவு பாதுகாப்பானது!

எட்டு மாதம் கழித்து மாமா இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு அக்காள் ஊருக்கு வந்தபோது, என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, இயல்பாகச் சொன்னாள்.

"சிவா கல்யாணத்துக்குக் கெளம்பறப்பவே டாக்டர் கைய விரிச்சுட்டாரு சாமி. உங்க மாமாதான், 'நீ போயிட்டு வா, உன்ற தம்பிக்குச் சீரு நில்லு. இதுக்கப்புறம் உன்னை நிக்க உடமாட்டாங்க'ன்னு அனுப்புனாரு. ஊருல சொன்னா கல்யாண ஊடு சாவு ஊடாட்டம் ஆயிரும்னு நான் வாயத் தொறக்கல."

என் கையில் கத்தி இருந்தது. நான் வெங்காயத்தையே பார்த்தேன்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? அது அவளுக்குக் கிடைக்கவிருந்த கடைசி மங்கலம். சாகப்போகும் ஒருவர் தம் படுக்கையருகில் இருக்க வேண்டியவளை விடுவித்து, இந்த ஒரு சீருக்காகப் பதினாலாயிரம் கிலோமீட்டர் அனுப்பியிருக்கிறார். அதைத்தான், முப்பத்தைந்து நிமிடம் மிச்சமிருந்தும், நான் வழிமறித்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். சமையலறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்று கோபித்துக்கொண்டேன்! அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்...

இதோடு முடிந்திருந்தால் இதைப் பழைய குற்றம் என்று எழுதி ஆறியிருப்பேன். முடியவில்லை. சென்ற வாரம் தம்பி கட்டிய புதுவீட்டுக்குக் குடிபுகுவிழா. அக்காள் வந்திருந்தாள். இப்போது பெங்களூருக்கு நேர் விமானம் இருக்கிறது. பதினேழு மணி நேரத்துக்குள் வந்துவிட்டாள்.

விளக்கேந்தி முதலில் உள்ளே நுழைய வேண்டியவளும் பால் காய்ச்ச வேண்டியவளும் இணைச்சீர்க்காரி. தம்பி தயங்கினான். "ரெண்டு பேருமே வாங்கக்கா" என்றான். அக்காள் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தருகே ஒதுங்கி நின்றாள்.

"நான் ஆகாது சிவா. அவதான் இணைச்சீர்க்காரி. போ செல்வி, நேரமாகுது" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

போனேன். பால் பொங்கியது. குலவையிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் என்னைச் சுற்றி யாருமில்லை. எல்லாரும் வாசலில், அவளைச் சூழ்ந்து நின்றிருந்தார்கள். "பாவம், இத்தனை தூரத்துல இருந்து வந்தும் உள்ள வர முடியலியே" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அம்மா அவள் கையை விடவே இல்லை.

அடுப்பருகே தனியாக நின்ற எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குற்றவுணர்வா? இல்லை. பொறாமை! அவளுடைய கைம்மையின்மீதும், அது அவளுக்கு ஈட்டிக்கொடுத்த இரக்கத்தின்மீதும் எனக்குப் பொறாமை எழுந்தது. மனிதப் பிறவி இவ்வளவு கீழே இறங்க முடியுமா? முடிகிறதே!

நேற்று அவளைப் பெங்களூரில் விமானம் ஏற்றிவிட நானும் காரில் போனேன். பின்னிருக்கையில் நாங்கள் இருவர் மட்டும். ஐந்து மணி நேரம். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டுதான் ஏறினேன். சேலத்தைத் தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு தொப்பூர் இறக்கம் கழியட்டும் என்று நினைத்தேன்.

தருமபுரிக்கு அருகில் அவளே பேச்செடுத்தாள்.

"ஒன்னு கேக்கோணும் உன்னை. சிவா மேல்மாடிய எனக்குன்னே கட்டியிருக்கறானாம். இங்கயே வந்துரு அக்கான்னு கூப்புடறான். எனக்கும் அங்க தனியா இருந்து அலுத்துப் போச்சு புள்ள. அம்மாளும் இருக்கறாங்க, நீயும் பக்கத்துலயே இருக்கறே. சனிக்கெழமையானா நீ வருவே, நானும் இருப்பேன். நீ என்ன சொல்றே?"

சனிக்கிழமை... என் சனிக்கிழமை! தொலைவில் இருந்தே அம்மாவை முழுவதுமாக எடுத்துக்கொண்டவள், அருகிலும் வந்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பதினான்கு கிலோமீட்டர்கூட மிஞ்சாதே!

அவளுக்கு ஒரே மகன். பாஸ்டனில் வேலை. அவள் வீட்டிலிருந்து அங்கே பறக்க ஆறு மணி நேரம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளைச் சுற்றியுள்ள தொலைவுகள் எல்லாமே எனக்குத் தெரியும்.

"வாரது ஒன்னும் பெருசில்லக்கா" என்றேன். மிகக் கனிவாகத்தான் சொன்னேன். "ஆனா உன்ற பையனுக்கு ஒரு அவசரம்னா என்ன பண்ணுவே? அங்க இருந்தா ஆறு மணி நேரத்துல போயிருவே. இங்கிருந்துன்னா டிக்கெட்டு, காரு, ரெண்டு ஏரோப்ளேனுன்னு ரெண்டு நாளாகும். போய்ச் சேரறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓசூர் நெருங்கும்போது மெல்லச் சொன்னாள்.

"ஆமா சாமி. முடிஞ்சதுக்கப்புறம் போய் நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். இறைவன் என் நாவில் எடுத்து வைத்த நேரம் அது. அடுத்த சொல் உண்மையாக இருந்திருக்கலாம். "தண்ணி குடிக்கறியாக்கா?" என்று கேட்டேன்.

புறப்பாட்டு வாயிலில் என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். "யோசிச்சுட்டு எறங்குனதும் சொல்றேன். உன்னாட்டம் நாலையும் யோசிச்சுச் சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கறாங்க?" என்றாள்.

அவள் பறந்துகொண்டிருந்த பொழுதில்தான் இவ்வளவையும் எழுதினேன். கைப்பேசியில் எட்ட முடியாத உயரத்தில் அவள் இருக்கிறாள் என்ற உறுதி இருந்தால்தான் என் பேனா நகர்கிறது போலும். பேசித் தீர்க்க ஐந்து மணி நேரமும் பக்கத்து இருக்கையும் கிடைத்தபோது வாய்மூடிக் கிடந்தவள், அவள் கடல்களுக்கு அப்பால் போனதும் வரிவரியாய் வாக்குமூலம் எழுதுகிறேன். இதை எந்தக் கோழைத்தனத்தில் சேர்ப்பீர்கள்?

சற்றுமுன் விடிந்தது. செய்தி வந்திருக்கிறது.

'இறங்கிட்டேன் சாமி. நீ சொன்னதுதான் சரின்னு படுது. நான் இங்கேயே இருந்துக்கறேன். சிவா மனசு சங்கடப்படுவான். நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிரு.'

இருமுறை படித்தேன். என்னுள் முதலில் எழுந்தது என்ன என்று உங்களிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்?

நிம்மதி.

ஒரு நொடிதான் இருந்தது, பிறகு மறைந்துவிட்டது என்று எழுத என் கை துடிக்கிறது. அப்படி எழுதினால் அதுவும் பொய்யாகும். அந்த நிம்மதி இன்னும் இருக்கிறது.